பொடக்காலிக் கேட்டு ஒப்பந்தம்

கண்டக்டர்கிட்ட நீங்க கேட்ட விதமே தப்புங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, வயசுல மூத்தவன் சொல்றேன். "பைபாஸ்ல கொஞ்சம் நிறுத்துவீங்களா"ன்னு கேட்டீங்க பாருங்க, அங்கியே உங்க கதை முடிஞ்சுது. ஒரு மனுசன்கிட்டப் பேசப் போறதுக்கு முன்னால அவனுக்கு என்ன வேணும், நம்ம கையில என்ன பிடி இருக்குதுன்னு பார்த்துக்கோணும். அவன் சில்லறை சில்லறைன்னு பஸ்ஸு பூராக் கத்திக்கிட்டு வர்றான். உங்க சட்டைப் பையில சில்லறை குலுங்குது. அதை எடுத்து உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, அப்புறமில்ல பைபாஸைப் பத்திப் பேச்செடுக்கோணும்? நீங்க சில்லறையக் குடுத்துட்டு அப்புறம் கேக்கறீங்க. பிடியக் குடுத்துட்டு என்னத்தைப் பேசறது?

அது கெடக்கட்டும். உக்காருங்க, இன்னும் பொள்ளாச்சியே வரல.

நான் கிட்டுசாமிங்க. சிங்காநல்லூர்ப் பக்கம். மில்லுல முப்பது வருசம், அதுல இருபத்திரண்டு வருசம் சங்கச் செயலாளர். மில்லு பேரு எதுக்குங்க, அது மூடிப் பதினஞ்சு வருசமாச்சு, இப்ப அந்த எடத்துல அடுக்குமாடி நிக்குது. லேபர் ஆபீசர் முன்னால ரெண்டு தரப்பும் உக்காந்து கையெழுத்துப் போடற ஒப்பந்தம் மட்டும் ஆறு போட்டிருக்கேன். ஆறு! ஒண்ணுல கூட நான் தோத்ததில்லைங்க. நம்ம ரகசியம் ஒண்ணே ஒண்ணுதான். ஒண்ணு வாங்கோணும்னா ஒண்ணு விட்டுக் குடுக்கோணும். எதை விட்டுக் குடுக்கறதுன்னு பார்க்கறதுலதான் சாமர்த்தியமே இருக்குது. நமக்கு வலிக்காததாப் பார்த்து விட்டுக் குடுக்கோணும்.

உடுமலைக்கு எதுக்குன்னு கேட்டீங்கல்ல? பொஞ்சாதியப் பார்க்கப் போறனுங்க. அதுவும் ஒரு ஒப்பந்த விசயந்தான்.

அவ பேரு தெய்வாத்தா. தெய்வான்னு கூப்புடுவேன். மில்லு மூடுனப்ப வீட்டுப் பொடக்காலியில, அதானுங்க பின்பக்கம், ஒரு தகரக் கொட்டாய் போட்டுக் கிரைண்டர் வெச்சு இட்லி மாவு ஆட்டி விக்க ஆரம்பிச்சா. அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்துக்கு ஒரு கேட்டு. காலையில அஞ்சரைக்குப் பொம்பளைங்க தூக்குப்போசியோட அந்தக் கேட்டு வழியா வருவாங்க, சாயங்காலம் மறுக்கா வருவாங்க. நாப்பது வீடுங்க. பதினாலு வருசமா அந்த நாப்பது வீட்டு இட்லியும் எங்கூட்டுக் கொட்டாயில இருந்து போனதுதான். அவ மாவு ஆட்டுனா, நான் சும்மா இருந்தேன்னு நெனைச்சுக்காதீங்க. நான் மில்லைத் திறக்கச் சொல்லிப் போராடிக்கிட்டிருந்தேன்.

போன வருசம் எங்க வீதியில ஒரு நலச்சங்கம் ஆரம்பிச்சாங்க. தலைவர் யாருன்னு பேச்சு வந்துது. வேற யாருங்க இருக்காங்க? ஆனாப் பாருங்க, பக்கத்து வீட்டு சுந்தரராசு நானும் நிக்கறேன்னுட்டான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. அவன் நின்னா அவங்கிட்டப் படிச்சவனெல்லாம் அவனுக்குத்தான் கையத் தூக்குவான், வீதியில பாதிப் பேரு அவங்கிட்ட அடி வாங்குனவங்க. சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, பேசித்தான் ஆகோணும்.

போய்ப் பேசுனேன். பேசறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு அவனுக்கு என்ன வலின்னு பார்த்தேன். பார்த்தா, அவன் படுக்கற ரூம்பு ஜன்னல் எங்க சந்துல திறக்குது. காலங்காத்தால போசிச் சத்தம், பொம்பளைங்க பேச்சு, ஸ்கூட்டரை அவன் செவுத்துல சாத்தறது. மனுசனுக்குத் தூக்கமே கெடையாதுங்க. அதானுங்க பிடி! "ஹெட்மாஸ்டரய்யா, நீங்க போட்டியில இருந்து ஒதுங்கிக்கோங்க, நான் அந்தக் கேட்டை மூடிப் பூட்டி சாவிய உங்க கையிலயே குடுத்தர்றேன்"னேன். அந்தாளு எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டாருங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுது. என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமா ஒரு பேச்சு முடிஞ்சதில்ல. போனது என்ன? ஒரு தகரக் கேட்டு. வந்தது என்ன? தலைவர் பதவி.

சந்தோசமா வந்து தெய்வாகிட்டச் சொன்னேன். உளுந்து கழுவிக்கிட்டிருந்தா. தலையத் தூக்காம ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அந்தக் கேட்டு யாருதுங்க?"

"நம்முதுதான்"னேன்.

அப்புறம் ஒண்ணும் பேசல. சரி, ஒத்துக்கிட்டான்னு நெனைச்சேன். எதிர்த் தரப்பு பதில் பேசலைன்னா ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். நிர்வாகத்துக்கிட்ட நான் அப்படித்தான் எடுத்துக்குவேன்.

மறுநாக் காலையில ஆட்டோ வந்து நின்னுச்சு. "ருக்கு வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்"னா. ருக்கு எங்க கொழுந்தியாங்க, உடுமலையில கட்டிக் குடுத்திருக்குது. சரி போயிட்டு வரட்டும்னு பையை நானே தூக்கி ஆட்டோவுல வெச்சேன். கை கழண்டுரும் போல இருந்துச்சு. "என்ன அம்மிணி, இந்தக் கனங் கனக்குது?"ன்னேன். "துணிதானுங்க"ன்னா. ஆட்டோ திரும்புற வரைக்கும் நின்னு கையாட்டிட்டுத்தான் உள்ள போனேன்.

சாயங்காலம் பார்க்கறேன், கிரைண்டர்ல குழவி இல்ல.

குழவிக் கல்லுங்க! அதை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நானே தூக்கி வெச்சிருக்கேன் பாருங்க.

சிரிங்க, சிரிங்க. ஆனா நான் பதறல. எத்தனை ஸ்ட்ரைக்கு பார்த்திருக்கேன். வேலை நிறுத்தம் பண்றவன் மூணாம் நாளு வீட்டு ஞாபகம் வந்து தானா இறங்கி வருவான். நான் உக்காந்து ஒரு காகிதத்துல எழுதுனேன், நம்ம கையில என்னென்ன பிடி இருக்குதுன்னு. ஒண்ணு, டிவி நாடகம். ருக்கு வீட்டுல டிவி ரிப்பேர்னு போன மாசந்தான் பேசிக்கிட்டாங்க. ரெண்டு, எங்க மக வளர்மதி ஓசூர்ல இருந்து லீவுக்கு வர்ற நேரம். பேத்தியப் பார்க்காம தெய்வாவால இருக்க முடியாது. மூணு, நானு. என்னைப் பட்டினி போட அவளுக்கு மனசு வராது.

ஒரு வாரத்துல என்னாச்சு? ருக்கு புது டிவி வாங்கிட்டா. வளர்மதி பேத்தியக் கூட்டிக்கிட்டு நேரா உடுமலை போயிட்டா. "அப்பா, உங்களுக்கு வேணும்னா நீங்களும் வாங்க"ன்னு போன்ல சொல்றா, நான் ஏதோ விருந்துக்கு வர்ற ஒறம்பரைக்காரன் மாதிரி. மூணாவது பிடி நான். நான் தினமும் பேக்கரியில ரொட்டி தின்னுக்கிட்டிருந்தேன். அது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சாத்தான மனசு இளகும்? அதனால ரொட்டி திங்கறதை வளர்மதிகிட்ட ஜாடையாச் சொன்னேன். அவ அம்மாகிட்டச் சொல்லியிருக்கா. தெய்வா என்ன சொன்னாளாம் தெரியுமுங்களா? "கோதுமை ரொட்டியா வாங்கச் சொல்லு, மைதா அவருக்கு ஆகாது."

இதுக்குள்ள வீதியில வேற ஒரு நெருக்கடி. மாவு இல்லை. முதல் ரெண்டு நாளு உப்புமா கிண்டுனாங்க. மூணாம் நாளு கடை மாவு வாங்குனாங்க, பொங்கவே இல்ல, இட்லி கேரம் காயி மாதிரி வந்துதாம். நாலாம் நாளு வந்தாங்க பாருங்க, என் வாசலுக்குப் பதினெட்டுப் பொம்பளைங்க. தலைவரைப் பார்க்கோணும்கறாங்க. நான் வேட்டிய மாத்திக்கிட்டு, நோட்டை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்து, "சொல்லுங்க, என்ன குறை?"ன்னேன். முன்னால நின்னது யாருங்கறீங்க? சுந்தரராசு சம்சாரம்!

"குறையே நீங்கதானுங்க"ன்னுச்சு.

தலைவரான பிறகு வந்த முதல் மனு, தலைவர் மேலயே! நான் வாங்கி நோட்டுல எழுதிக்கிட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா.

பதினோராம் நாளு செவுத்துக்கு மேல இருந்து ஏதோ வந்து விழுந்துச்சு. பார்த்தா கேட்டுச் சாவி. சுந்தரராசு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "யோவ் கிட்டுசாமி, கேட்டையும் நீயே வெச்சுக்க, பதவியையும் நீயே வெச்சுக்க, எனக்கு என் வீட்டுல டிபன் கிடைச்சாப் போதும்"னு கத்துறான். பார்த்தீங்களா? எதிர்த் தரப்பு ஒரு நிபந்தனையும் இல்லாம முழுசா இறங்கி வந்துருச்சு. என் சர்வீஸ்லயே அது பெரிய வெற்றிங்க.

உடனே தெய்வாவுக்குப் போன் போட்டேன். "கேட்டைத் திறந்தாச்சு அம்மிணி"ன்னேன்.

"அப்படிங்களா. சந்தோசம்."

அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்ல. நானும் பேசாம இருந்தேன். போன்ல ரெண்டு பேரும் மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது. முதல்ல பேசறவன் தோத்தான், அது எனக்குத் தெரியும். ஆனா அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில நாந்தான், "எப்ப வர்றே?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

"நேர்ல வாங்க, பேசிக்கலாம்."

இதெல்லாம் எங்க கத்துக்கிட்டாளோ தெரியலைங்க. ஷிப்ட் முடிஞ்சு ராத்திரியில எங்க சங்கக் கமிட்டி எங்கூட்டு முன் ரூம்புலதான் கூடும், இருபத்திரண்டு வருசம். அவ டீயக் கொண்டாந்து வெச்சுட்டு, தம்ளரு எடுக்கோணுமேன்னு கதவு நெலவுல சாஞ்சு நின்னுக்கிட்டிருப்பா. பொம்பளை, அவளுக்கு இதுல என்ன புரியப் போகுது? டீ ஆறிரப் போகுதேன்னு பார்த்துக்கிட்டிருப்பா.

சரின்னு போனேன். நாலு கோரிக்கை எழுதி எடுத்துக்கிட்டுப் போனேன். ஒண்ணு, உடனே வீடு திரும்பணும். ரெண்டு, குழவி. மூணு, வீதியில என் கௌரவத்துக்கு வந்த குறைக்கு ஒரு வருத்தம் தெரிவிக்கணும். நாலு சும்மா, விட்டுக் குடுக்கறதுக்குன்னே போட்டது: ஞாயித்துக்கிழமை கோழி.

பேச்சு முடியாம எதிர்த் தரப்பு வீட்டுல கை நனைக்கக் கூடாதுங்கறது என்னோட கொள்கைங்க. லேபர் ஆபீஸ்ல நிர்வாகம் வாங்கிக் குடுத்த காப்பியக் கூட நான் தொட்டதில்ல. ஆனா அங்க போறேன், தோசை வார்த்துக்கிட்டிருக்கா. ருக்கு வீட்டுக் கிரைண்டர்ல எங்கூட்டுக் குழவியப் போட்டு ஆட்டுன மாவு. பதினோரு நாளா ரொட்டி தின்ன மனுசன் நானு. ஆறு தோசை தின்னேன். கொள்கைய விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க, அது மாவோட தரத்தைப் பரிசோதிக்கறதுக்கு.

கை கழுவிட்டு வந்து உக்காந்தா, எதிர்ல தெய்வா. பக்கத்துல ருக்கு, சாட்சிக்கு. தெய்வா ஒரு கோடு போட்ட நோட்டைப் பிரிச்சா. ஒன்பது கோரிக்கைங்க! எல்லாம் வரிசையா நம்பர் போட்டு.

முதல் கோரிக்கை, கேட்டுச் சாவி எந்நேரமும் அவகிட்ட. சரின்னேன். ரெண்டாவது, காலையில அஞ்சரைக்குக் கேட்டுல நின்னு மாவு அளந்து ஊத்தறது இனிமே நானு. "அஞ்சரைக்கு நான் டீக்கடையில பேப்பர் படிக்கறவனாச்சே"ன்னேன். அங்க ஏழெட்டுப் பேரு நான் வந்து செய்திய விளக்கிச் சொன்னாத்தான் டீயே குடிப்பாங்க. "தெரியும்"னா. "அதுக்குப் பதிலா என்ன தருவே?"ன்னேன். "ஒண்ணும் இல்லீங்க"ன்னா. அப்படிப் பேசறது பேச்சுவார்த்தையே இல்லீங்களே! குடுத்து வாங்கறதில்ல பேச்சு? மூணாவது, நலச்சங்கத் தலைவர் பதவிய விட்டுரோணும். எனக்கு ரத்தம் ஏறிருச்சு. "எல்லாத்தையும் நானே விடறதுன்னா நீ எதை விடறே?"ன்னு சத்தம் போட்டேன்.

அப்பத்தான் அவ நோட்டை மூடி வெச்சா.

"தொட்டில் ரூம்பு ஞாபகம் இருக்குதுங்களா?"

என்னடா இது, அஜெண்டாவுல இல்லாதது வருதேன்னு பார்த்தேன். உங்களுக்குச் சொல்லோணும்ல. அவளும் எங்க மில்லுலதான் வேலை செஞ்சா, நூல் சுத்தற ரீலிங் டிபார்ட்மெண்ட்டுல. கைக்குழந்தை இருக்கற பொம்பளைங்களுக்கு மில்லுக்குள்ளயே ஒரு ரூம்பு, தொட்டில் போட்டு ஆயா வெச்சிருந்தாங்க. நான் செயலாளராகி ரெண்டாவது ஒப்பந்தம் அது. சங்கத்துக்கு மில்லுக்குள்ள ஒரு ஆபீஸ் ரூம்பு வேணும்னு நாங்க பிடிவாதமா நின்னோம். நிர்வாகம் எடம் இல்லைன்னுது. கடைசியில நாந்தான் வழி சொன்னேன்: அந்தத் தொட்டில் ரூம்பை எடுத்துக்கலாம், பொம்பளைங்க எப்படியாவது சமாளிச்சுக்குவாங்க. ஒத்துக்கிட்டாங்க. சரித்திர வெற்றிங்க அது, மாலையெல்லாம் போட்டாங்க. வளர்மதிக்கு அப்ப எட்டு மாசம். தெய்வா வேலைய விட்டு நின்னுட்டா. அவளா நின்னுக்கிட்டா, யாரும் நிக்கச் சொல்லல. நல்ல ரூம்புங்க, காத்து வரும். உத்தரத்துல தொட்டில் மாட்டற கொக்கி அப்படியே இருந்துச்சு, நான் என் சட்டைய அதுலதான் மாட்டுவேன்.

"அதுக்கும் இந்தக் கேட்டுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டேன். நியாயமான கேள்விதானுங்களே?

அவ கத்தலைங்க. கத்தியிருந்தாக் கூடப் பரவாயில்ல. "இருபத்திரண்டு வருசமும் நீங்க விட்டுக் குடுத்ததை எல்லாம் நான் நெலவுல நின்னு கேட்டிருக்கேன். அதுல ஒண்ணாச்சும் உங்களுதாங்க? ஒண்ணு சொல்லுங்க, நான் இப்பவே இந்த நோட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு உங்ககூட பஸ் ஏறிர்றேன்"னா.

யோசிச்சேன் தம்பி. நெசமா யோசிச்சேன். ரீலிங் பொம்பளைங்களோட டீ நேரத்தை நான் விட்டுக் குடுத்தது ஞாபகம் வந்துது. தற்காலிகத் தொழிலாளிங்க லீவு. கேன்டீன்காரங்க யூனிபார்ம். தெய்வாவோட கேட்டு. அதுக்கு மேல ஒண்ணும் வர மாட்டேங்குது. ருக்கு தலையக் குனிஞ்சுக்கிட்டா.

நான் பேசலைங்க. மௌனமா இருக்கறதும் ஒரு உத்திதான்.

கையெழுத்துப் போட்டேன். ஒன்பதுக்கும். என்னோட நாலாவது கோரிக்கை, அந்தக் கோழி, அதை மட்டும் அவளாவே ஒத்துக்கிட்டா. பார்த்தீங்களா, நான் வெறுங்கையோட வரல.

இப்ப சுந்தரராசுதான் தலைவரு. புதுக் குழவி ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன். நாலரைக்கு எந்திரிக்கறேன். அரிசி ஊற வெக்கறது, உளுந்து பொங்கப் பொங்க ஆட்டறது, எல்லாம் நானு. மொதல் வாரம் பொம்பளைங்க திட்டுனாங்க, உப்பு எச்சாப் போச்சுன்னு. இப்ப திட்டறதில்ல. "மாவுக்காரரே, சுந்தரராசு வீட்டுக்கு மட்டும் கெட்டியா ஊத்தறீங்களே"ன்னு சண்டைக்கு வர்றாங்க. இப்படி அஞ்சரை மணிக்கு நாப்பது வீட்டுக்காரங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் போறாங்க. தலைவனா இருந்தப்ப பதினெட்டுப் பேருதான் வந்தாங்க, அதுவும் என்னைத் திட்டறதுக்கு.

அவ இன்னும் வரலைங்க. உடுமலையில ருக்குவோட சேர்ந்து அங்கியும் மாவு போட ஆரம்பிச்சுட்டா, அந்தப் பழைய குழவியிலதான். ஒன்பதாவது கோரிக்கை என்னன்னா, 'வேலை ஒழுங்கா நடக்குதுன்னு திருப்தி ஆனதும் வீடு திரும்புவது'. எந்த மாசம், எந்தத் தேதி, ஒண்ணும் இல்ல. ஆறு ஒப்பந்தம் போட்டவன், தேதி இல்லாத ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன்! யாருக்கிட்டயும் சொல்லிராதீங்க. எட்டு மாசமாச்சு. வியாழக்கிழமை வியாழக்கிழமை போறேன், ஒரு போசியில நான் ஆட்டுன மாவைக் கொண்டு போய்க் காட்டறேன். இந்தா, காலுக்குக் கீழ இருக்குது பாருங்க, தட்டி விட்டுராதீங்க. ஒரு விரல்ல தொட்டுப் பார்ப்பா. "இன்னும் கொஞ்சம் ஆட்டியிருக்கலாம்"பா. நான் திரும்பி வந்துருவேன்.

போன வாரம் அப்படித்தான் தொட்டுப் பார்த்தா. ஒண்ணும் சொல்லல. நான் கிளம்புறதுக்குச் செருப்பு மாட்டறேன், என்னமோ வாயில வந்துருச்சுங்க. யோசிச்சுப் பேசுன பேச்சில்ல அது. "தெய்வா, எனக்குத் தனியா இருக்க முடியல"ன்னேன்.

சொன்னப்புறந்தான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. இப்படி ஒரு வார்த்தைய எவனாவது எதிர்த் தரப்புகிட்டச் சொல்லுவானா? நம்ம கையில ஒண்ணுமே இல்லைன்னு நாமளே சொல்றதில்லீங்களா அது? இதை மேசையில போட்டுட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்குது?

அவ என்னைப் பார்த்தா. கையில மாவு. அப்புறம், "பார்க்கலாம்"னா.

பார்க்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா? நிர்வாகம் இருபத்திரண்டு வருசம் எனக்குச் சொன்ன வார்த்தை அது. பார்க்கலாம்னா இல்லைன்னு அர்த்தம். அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு பஸ் ஏறுனேன். ஆனா பொள்ளாச்சி தாண்டினதுக்கப்புறந்தான் ஞாபகம் வந்துது: அதைச் சொல்றப்ப அவ சிரிச்சாளுங்க தம்பி. லேசாத்தான். ஆனாச் சிரிச்சா.

நிர்வாகம் ஒரு நாளும் சிரிச்சதில்ல.